அளந்து வாங்குதல்

மளிகைப் பொருள்களை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். கடைக்குச் செல்லும் நேரமும் மிஞ்சும் என்பர். இல்லறத்தார்க்கு இக்கணக்கு மட்டும் போதுமா?

முழு உளுந்து, பச்சைப் பயறு, காராமணி ஆகியவற்றின் மேல் வண்டு முட்டையிடுகிறது. புழு மணியைத் துளைத்து உள்ளே வளர்கிறது. வெப்ப நாள்களில் ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே புதிய வண்டு வெளிவரும். பின்னர் நாம் வெயிலில் உலர்த்துகிறோம், புடைக்கிறோம், கொட்டுகிறோம். மிச்சப்படுத்திய சில ரூபாய்க்கு எத்தனை உயிர்கள் விலை!

ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை, கொல்லாமைக்குக் காவலாக நிற்பதை நம் சமையலறையே காட்டுகிறது.

ஆகவே, கடைக்குப் புறப்படுமுன் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். இருப்பைக் கழித்து, 15 நாள்களுக்கு வேண்டியதை மட்டும் எழுதுங்கள். பழைய பயறு தீர்ந்த பின்னரே புதியதை நிரப்புங்கள். அளந்து வாங்கும் இல்லத்தில் சிக்கனமும் விரதமும் ஒருங்கே நிறைவேறும்.