பயணச் செலவும் மனச்சாட்சியும்

வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டு முன்னறையில் மூன்று ஆசிரியர்கள் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம். அங்கிருந்து தஞ்சாவூருக்குப் புகைவண்டி. தஞ்சையிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மெலட்டூருக்குப் பேருந்து. ஆண்டுதோறும் கோடைக்காலத்தில், நரசிம்ம ஜயந்தியையொட்டி, அச்சிற்றூரின் வரதராசப் பெருமாள் கோயில் வீதியில் பாகவத மேளா நடைபெறுகிறது. வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாடகங்களை, பாட்டும் ஆட்டமும் அபிநயமுமாக, இரவு முழுவதும் நடிக்கிறார்கள். மேலைநாட்டார் ‘ஒப்பெரா’ என்று போற்றும் இசை நாடகத்துக்கு இது நம் பக்கத்துவீட்டு உறவு. நரசிம்ம ஜயந்தி வழக்கமாக வெசாக் பௌர்ணமிக்கு முதல் நாளில் வருவதால், வெசாக் விடுமுறையோடு இரண்டொரு நாள் லீவு சேர்த்தால் போய்வரலாம் என்பது எங்கள் திட்டம்.

கணக்கு முடிந்தபோது என் பங்காக விழுந்த தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கி நின்றது. 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாதென்று அறிவித்து, டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் ஏறியதை நேரில் கண்டவர்கள் நாம். அந்நாட்களில் காலை உணவின்றி வந்து, முதற் பாடவேளையிலேயே மேசைமீது தலை சாய்த்த பிள்ளைகளை நான் மறந்துவிடவில்லை. இருந்தும் ஆசை விடவில்லை.

மறுநாள் மாலை, கொட்டாஞ்சேனையில் நான் நடத்தும் வகுப்பில் பிரகலாதன் கதை பாடமாக வந்தது. மெலட்டூரைப் பற்றிச் சொன்னேன். மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து கேட்டான்:

“சேர், அதைப் பார்க்க ரிக்கெட் எவ்வளவு?”

“ரிக்கெட் இல்லை. வீதியில்தான் நடக்கும். யாரும் பார்க்கலாம்.”

“அப்ப நாங்களும் போய்ப் பார்க்கலாமா, சேர்?”

நான் விடை சொல்லவில்லை. கடவுச்சீட்டு, விசா, விமானக் கட்டணம் என்று அடுக்கிச் சொல்லியிருக்கலாம். வாயில் திறந்திருக்கிறது, வாயிலுக்கு முன்னே கடல் கிடக்கிறது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, கொழும்புக் கோட்டையில் ஒரே சீட்டு வாங்கிச் சென்னை எழும்பூர்வரை கப்பலும் ரயிலுமாகப் போக முடிந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியதும் நல்ல செய்தியே. ஆயினும் அச்சிறுவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி இதுதான்: வறுமை சூழ்ந்த ஒரு சமூகத்தில், கலையை இரசிப்பதற்காக ஒருவன் ஊர்விட்டு ஊர் போய்ப் பணம் செலவிடுவது அறமாகுமா?

இதற்கு எளிதான விடைகள் இரண்டு உண்டு. பசித்தவன் இருக்க நீ பாட்டுக் கேட்கப் போகலாமா என்பது ஒன்று. கேட்பதற்கு நேர்மையாகவே இருக்கிறது. ஆனால் அதன் அடியில் ஓர் ஏளனம் ஒளிந்திருக்கிறது. ஏழைக்குச் சோறு மட்டும் போதும், இசை எதற்கு என்று அவனைக் கேட்காமலே அது முடிவுகட்டிவிடுகிறது. அந்தச் சிறுவன் என்னிடம் சோறு கேட்கவில்லை. நாடகம் பார்க்கலாமா என்றுதான் கேட்டான். நான் பயணத்தைக் கைவிட்டு வீட்டில் இருந்துவிட்டால், அவன் இழந்ததை நானும் இழப்பேன். அவனுக்குக் கிடைப்பது எதுவுமில்லை.

என் உழைப்பு, என் பணம், என் இரசனை. இதில் பிறர்க்கென்ன என்பது இரண்டாவது விடை. இரசனை தனிச்சொத்து அன்று. எனக்கு இசையைக் கேட்கக் கற்பித்த ஆசிரியரும், அவரை ஊதியம் கொடுத்து அமர்த்திய மக்களின் வரிப்பணமும் அதில் பங்காளிகள்.

ஆகவே, இரசிப்பது குற்றமா என்று கேட்பதைவிட, இரசனையின் வாயிலில் யார் காவல் நிற்கிறார்கள் என்று கேட்பதே பொருத்தம். ஜெர்மனியில் வாக்னர் தம் இசை நாடகங்களுக்கென ஓர் அரங்கு கட்ட முனைந்தபோது, மக்கள் கட்டணமின்றி வந்து பார்க்கவேண்டும் என்றுதான் கனவு கண்டார். கட்டடச் செலவு கழுத்தை நெரித்தது. செல்வரிடம் புரவலர் சீட்டு விற்றும், பவேரிய மன்னரிடம் கடன் பெற்றுமே 1876இல் பைரோயிற் அரங்கு திறந்தது. அங்கே பணம் காவல் நின்றது. மெலட்டூரில் பார்ப்பவனிடம் பணம் கேட்பதில்லை. ஆனால் மேடை வழிவழியாக அவ்வூர்ப் பிராமணக் குடும்பத்து ஆண்களுக்கே உரியது. பெண் வேடமும் ஆண்களுக்கே. அங்கே பிறப்புக் காவல் நிற்கிறது. நமது கூத்துக் களரியும் சாதி வேலியை அறியாததன்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பிறரைக் குறைகூறும் வாய் தன் வீட்டையும் பேசவேண்டும்.

இவ்விடத்தில் இரண்டு பயணங்கள் நினைவுக்கு வருகின்றன. 1955இல் பேராசிரியர் சரச்சந்திரா ஜப்பான் சென்று நோ, கபுக்கி நாடகங்களைக் கண்டார். திரும்பி வந்தவர் ஜப்பானிய நாடகத்தின் நகலைத் தரவில்லை. தம் நாட்டுச் சிற்றூர்களில் நலிந்துகொண்டிருந்த ‘நாடகம’ என்னும் ஆட்ட மரபைத் தேடிச் சென்றார். 1956இல் ‘மனமே’ கொழும்பில் மேடையேறியது. அந்த நாடகம மரபுக்கோ வேர் தமிழ்க் கூத்தில் இருந்தது. பின்னர் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமங்களை நோக்கிப் போனார். அண்ணாவிமாரின் கலையைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்கி, 1962இல் ‘கர்ணன் போர்’ முதலாகக் கூத்துக்களை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். ஒருவர் கடல் கடந்து போனார். மற்றவர் உள்நாட்டிலேயே போனார். இருவர் கண்ட இன்பமும் அவரவரோடு முடிந்துவிடவில்லை. அவர்கள் திரும்பியபின் கலையின் வாயில் முன்னிருந்ததைவிடச் சற்று அகலமாயிற்று.

பயணத்தின் அறத்தை அளக்க எனக்குத் தெரிந்த கோல் இதுவே. போகும்போது எவ்வளவு செலவானது என்பதைக் காட்டிலும், திரும்பியபின் யாருக்கு வழி திறந்தது என்பதே கணக்கு. இதனால் கலையை வெறும் பயன்பாட்டுப் பொருளாக்குகிறேன் என்று யாரும் கருதவேண்டாம். விடியற்காலையில் தூண் பிளந்து நரசிம்மம் தோன்றும் காட்சியில் மெய்சிலிர்ப்பவன், அப்போது எந்தக் கடமையையும் எண்ணமாட்டான், எண்ணவும் வேண்டாம். ஆனால் அந்த மெய்சிலிர்ப்பு மற்றொருவனுக்கும் வாய்க்கவேண்டும் என்று பின்னர் ஒருநாளும் தோன்றவில்லையென்றால், அவன் கண்டது கலைதானா என்று ஐயுறவேண்டியிருக்கிறது.

மீண்டும் கூடிக் கணக்கைத் திருத்தினோம். மட்டக்களப்பிலிருந்து ஓர் அண்ணாவியாரை வரவழைத்து, பாடசாலை விடுமுறையில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்குத் தாளக்கட்டும் ஆட்டமும் பழக்குவது என்று ஒரு வரி புதிதாக ஏறியது. அவருடைய உழைப்புக்கு உரிய ஊதியம் கொடுக்கவேண்டும். கலைஞனை மாலை போட்டு வெறுங்கையோடு அனுப்பும் வழக்கத்தை நாமும் தொடரலாகாது. பெண்பிள்ளைகளும் ஆடவேண்டும் என்பது எங்கள் நிபந்தனை. இச்செலவு சேர்ந்ததும் மெலட்டூர்ப் பயணம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். எனக்கும் உள்ளூர வருத்தமே; அதை மறைப்பது பொய்.

சிறுவனின் கேள்விக்கு இது முழு விடை அன்று என்பதும் எனக்குத் தெரியும். கூத்துப் பழகுவதால் அவன் கையில் கடவுச்சீட்டு வந்துவிடாது. அவன் தந்தையின் முதுகிலிருந்து மூட்டையும் இறங்கிவிடாது. அதற்குச் சம்பளமும் நிலமும் அதிகாரமும் பற்றிய வேறு போராட்டங்கள் வேண்டும். ஆயினும் அப்போராட்டங்கள் வெல்லும்வரை அவன் பாட்டுக்காகக் காத்திருக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

அடுத்த ஆண்டு மெலட்டூருக்குப் போவோம். அதற்குள் அவன் ஆடப் பழகியிருப்பான். நான் கண்டுவந்ததைச் சொல்லும்போது, ஆட்டம் தெரிந்தவனாக அவன் என்னைக் குறுக்குக்கேள்வி கேட்பான். அதற்கு விடை சொல்லவேண்டுமென்பதற்காகவே இன்னும் கவனமாகப் பார்த்து வருவேன்.