ஊழிவெள்ளமும் மர வளையங்களும்

உலகம் முழுவதையும் ஒரே காலத்தில் மூடிய பெருவெள்ளம் ஒன்று மனித இனத்தின் நினைவுக்கு எட்டிய காலத்தில் நிகழ்ந்ததா என்னும் கேள்வி, பெரும்பாலும் வேதநூல்களின் கூற்றுகளை வைத்தோ பாறை அடுக்குகளை வைத்தோ ஆராயப்படுகிறது. நெடுங்காலம் வாழ்ந்த மரங்களும் இக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவை. அந்த விடையை எவ்வளவு தூரம் ஏற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோலோ இந்தியத் தத்துவ மரபிலேயே இருக்கிறது. பெங்களூரின் மல்லேஸ்வரத்தில் இக்கேள்வியின் இரு பக்கங்களும் அருகருகே நிற்கின்றன. தஞ்சையில் மராத்திய ஆட்சியை நிறுவிய ஏகோஜி 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பியதாகக் கூறப்படும் காடு மல்லேஸ்வரர் கோயில் ஒருபுறம் இருக்க, 1898-ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின் உருவான இப்பகுதியின் முதன்மையான சாலைகள் சண்பகத்தின் பெயராலும் வேம்பின் பெயராலும் இன்றும் வழங்குகின்றன. அதே மல்லேஸ்வரத்தின் 18-ஆவது கிராஸில், 1938-இல் வன ஆய்வுக்கூடமாகத் தொடங்கி 1988-இல் தேசிய நிறுவனமாக உயர்ந்த மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம், மரத்துண்டுகளை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து இனம் காணும் பணியைச் செய்துவருகிறது.

வெள்ளம் பற்றிய சமயக் கூற்றுகள் அனைத்தும் ஒரே தன்மையானவை அல்ல என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஆதியாகமம் கூறும் நோவாவின் வெள்ளத்தில் நாற்பது நாள் மழை பெய்து, மலைகளுக்கு மேல் பதினைந்து முழம் நீர் நின்று, ஏறத்தாழ ஓராண்டு கழித்தே நிலம் காய்கிறது. அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட காலக்கணக்கின்படி இது கி.மு. 2348 வாக்கில் நிகழ்ந்தது. கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள வம்ச ஆண்டுகளைக் கொண்டு கணக்கிடுவோர் இதைப் பல நூற்றாண்டுகள் முன்னே தள்ளுகின்றனர். சதபத பிராமணத்தில் மனுவை ஒரு மீன் காக்கிறது. பாகவத புராணம் அந்த மன்னனைத் திராவிட நாட்டுச் சத்தியவிரதன் என்றும், மீன் அவன் கைக்கு வந்த ஆறு கிருதமாலை என்றும் கூறுகிறது. சீர்காழியில் சிவபெருமான் ஊழி நீரில் தோணியில் மிதந்தார் என்பதும், கும்பகோணத்தில் அமுதக் குடம் ஊழி வெள்ளத்தில் மிதந்து வந்து தங்கியது என்பதும் தலபுராணச் செய்திகள். ஆயினும் புராணங்களின் ஊழி, மன்வந்தரம், கற்பம் என்னும் மிக நீண்ட காலச் சுழற்சிகளின் எல்லையில் வைக்கப்படுவதால், சில ஆயிரம் ஆண்டுகள் வாழும் மரம் எதுவும் அதை உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாது. குறிப்பிட்ட ஆண்டு ஒன்றைச் சொல்லும் கூற்று மட்டுமே மரத்தின் முன் விசாரணைக்கு வர முடியும்.

மரம் காலத்தைப் பதிவு செய்யும் முறையைத் தேக்கின் குறுக்குவெட்டில் கண்ணாலேயே பார்க்கலாம். வறண்ட மாதங்களில் இலை உதிர்த்து நிற்கும் தேக்கு, புதிதாகத் துளிர்க்கும்போது அகன்ற நீர்க்குழல்களை ஒரு வரிசையாக உருவாக்குகிறது. பருவம் முன்னேற முன்னேற, குறுகிய குழல்களும் அடர்ந்த நார்களும் கொண்ட கெட்டியான பகுதி அதன்மேல் படிகிறது. அடுத்த ஆண்டின் அகன்ற குழல்கள் தொடங்கும் கோடே ஓர் ஆண்டின் எல்லை. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலமாகவும், பொய்த்த ஆண்டில் குறுகியும் அமைகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கேரளத் தேக்குகளைக் கொண்டு 1481 முதல் 2003 வரையிலான 523 ஆண்டுத் தொடரை இவ்வாறு அமைத்து, தென்னிந்தியப் பருவமழை குன்றிய ஆண்டுகளின் தடயத்தை அதில் கண்டனர். ஒரு வட்டாரத்தின் மரங்கள் ஒரே மழையையும் ஒரே வறட்சியையும் அனுபவிப்பதால், அவற்றின் அகல, குறுகல் வரிசையும் ஒத்திருக்கும். வாழும் மரத்தின் தொடக்க காலத்து வரிசையை இறந்த பழைய மரத்தின் இறுதிக் காலத்து வரிசையோடு பொருத்தித் தொடரைப் பின்னோக்கி நீட்டுவதே குறுக்குக் காலப்பொருத்தம் எனப்படும்.

இம்முறையால் கிடைத்த விடை தெளிவானது. கலிபோர்னியாவின் வெண்மலைகளில் 1957-இல் எட்மண்ட் ஷுல்மன் ஆராய்ந்த, மெத்தூசலா எனப் பெயர் பெற்ற பிரிஸில்கோன் பைன் மரத்தில் அப்போதே 4,700-க்கும் மேற்பட்ட வளையங்கள் இருந்தன. அஷர் குறித்த வெள்ள ஆண்டுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே முளைத்த அம்மரம் இன்றும் உயிருடன் நிற்கிறது. வெள்ளத்தின் ஆண்டைச் சற்று முன்னே தள்ளினால் இந்த ஒரு மரத்தின் சாட்சியத்திலிருந்து தப்பலாம். தொடர்களின் சாட்சியத்திலிருந்து தப்ப முடியாது. அம்மலைகளின் குளிர்ந்த வறண்ட காற்றில் மட்காமல், வாழும் மரங்களுக்கு அருகிலேயே பல்லாயிரம் ஆண்டுகளாகத் தரையில் கிடக்கும் கட்டைகளைக் கொண்டு சார்லஸ் ஃபெர்குசன் அந்தத் தொடரை 7,000 ஆண்டுகளுக்கும் அப்பால் கொண்டுசென்றார். மலை உச்சிகளை மூடிய வெள்ளம் ஒன்று அந்த இடைக்காலத்தில் வந்திருந்தால், அக்கட்டைகள் மிதந்து போயிருக்குமேயன்றி அங்கேயே கிடந்திரா. ஜெர்மனியின் ஓக், பைன் மரங்களின் தொடரோ இடைவெளியின்றி 12,460 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

சில ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வளையங்கள் உண்டாகியிருக்கலாம், அதனால் கணக்கு மிகைப்பட்டிருக்கலாம் என்பது இதற்கு எதிராக முன்வைக்கப்படும் முக்கியமான ஆட்சேபம். இது நேர்மையாக ஆராய வேண்டிய ஆட்சேபமே. சில மர இனங்களில் பொய் வளையங்கள் உண்டாவது உண்மை. ஆனால் இதற்குத் தனிச் சோதனை ஒன்று கிடைத்திருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஃபூசா மியாகே 2012-இல், யாகு தீவின் தேவதாரு வகை மரத்தில் கி.பி. 774-775-க்கு உரிய வளையத்தில் கதிரியக்கக் கார்பன் திடீரென உயர்ந்திருப்பதைக் கண்டறிந்தார். வானிலிருந்து வந்த துகள் பொழிவால் உண்டான இந்த உயர்வு, பின்னர் ஐரோப்பா, அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய இடங்களின் மரங்களிலும் அதே ஆண்டின் வளையத்தில் காணப்பட்டது. கி.மு. 5259, கி.மு. 7176 ஆகிய ஆண்டுகளிலும் இத்தகைய உயர்வுகள் அறியப்பட்டுள்ளன. அவற்றின் தடயம் துருவப் பனிக்கட்டி அடுக்குகளிலும் உண்டு. வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு தட்பவெப்பத்தில் வளர்ந்த, இனத்தாலும் வேறுபட்ட மரங்கள் யாவும் ஒரே எண்ணிக்கையில் பொய் வளையங்களை இட்டிருந்தால்தான் இந்தப் பொருத்தம் தற்செயலாகும். அப்படி நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

ஆயினும் தத்துவ நோக்கில் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒன்றின் தடயம் காணப்படவில்லை என்பதிலிருந்து அது நிகழவில்லை என்று முடிவு செய்வது முறையா? இதற்குக் குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்சகரும் அத்வைதிகளும் சொன்ன விடை இன்றும் பொருந்துகிறது. ஒரு பொருள் இல்லை என்பதை அறியும் வழியை அவர்கள் அநுபலப்தி என்று தனி அளவையாகக் கொண்டனர். ஆனால் அது இருந்திருந்தால் கட்டாயம் புலப்பட்டிருக்கும் என்னும் தகுதி இருந்தால்தான் காணாமை அறிவாகும் என்று வரையறுத்தனர். வெளிச்சத்தில் வெறுந்தரையைப் பார்த்துக் குடம் இல்லை எனலாம். இருட்டில் அப்படிச் சொல்ல இயலாது. மரங்களுக்கு இந்தத் தகுதி உண்டா என்றால், உண்டு. கனடாவின் செவ்வாற்றங்கரையில் 1826-இல் வந்த பெருவெள்ளத்தில் நின்ற ஓக் மரங்களில், அந்த ஆண்டின் வளையத்தில் வழக்கமாக அகன்றிருக்க வேண்டிய நீர்க்குழல்கள் மிகச் சிறுத்துக் காணப்படுகின்றன. சில வாரங்கள் வேரடியில் நின்ற ஆற்றுநீரே இவ்வளவு தெளிவான வடுவை விட்டுச் செல்லுமானால், மலைகளை மூடி மாதக்கணக்கில் நின்ற நீர் மரங்களைக் கொன்று தொடர்களை அறுத்திருக்கும். தொடர்கள் அறுபடவில்லை. எனவே கடந்த 12,000 ஆண்டுகளுக்குள் உலகளாவிய வெள்ளம் நிகழவில்லை என்பது, வெறும் காணாமையிலிருந்து பெற்ற ஊகமாக நில்லாமல், தகுதி வாய்ந்த காணாமையிலிருந்து பெற்ற அறிவாகவே நிற்கிறது.

எல்லாப் பழைய மரங்களுக்கும் இத்தகுதி இல்லை என்பதையும் அதே நேர்மையோடு சொல்ல வேண்டும். விழுதுகளால் பரவி, அடிமரம் அழிந்த பின்னும் வாழும் ஆலமரத்தில் எண்ணத் தகுந்த தொடக்க வளையமே எஞ்சுவதில்லை. பெங்களூர்ப் புறநகரின் தொட்ட ஆலத மரம் அடிமரத்தை இழந்தும் செழித்து நிற்கிறது. ஊழியிலும் அழியாதது எனப் போற்றப்படும் பிரயாகையின் அட்சயவடமும், நம்மாழ்வார் யோகத்தில் அமர்ந்த ஆழ்வார்திருநகரியின் உறங்காப்புளியும் தொன்மைக்காக வணங்கப்படுகின்றன. அவற்றின் வயது மரபுச் செய்தியாகவே வருகிறது. சொன்னவர் இன்னார் எனத் தெரியாமல் வழிவழியாக வரும் இத்தகைய செய்தியை மணிமேகலை ஐதிகம் என்று வகைப்படுத்தி, ஒரு மரத்தில் பேய் உண்டென்று ஊரார் சொல்வதை அதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறது. பிறர் சொல்லும் பல்வேறு அளவைகளை எடுத்துரைக்கும் சிவஞான சித்தியார், இன்மையை அறியும் அபாவம், ஐதிகம் உட்பட எல்லாவற்றையும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கிவிடுகிறது. ஐதிகம் வழிபாட்டுக்குப் போதும், காலக்கணக்குக்குப் போதாது. இதே அளவுகோலைத் தன் சமயத்தின் மரத்துக்கும் பிறர் சமயத்தின் கதைக்கும் வேறுபாடின்றிப் பயன்படுத்துவதே அறம்.

மரங்கள் உலகளாவிய வெள்ளத்தை மறுத்தாலும், வெள்ளங்களை மறுக்கவில்லை. ஜெர்மானியத் தொடரின் பழைய மரங்களுள் பல, ரைன், மைன், டான்யூப் ஆறுகளின் சரளைப் படிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. கரையை அரித்துப் பெருகிய ஆற்று வெள்ளங்களே அவற்றை வீழ்த்திப் புதைத்துக் காத்தன. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்கள் கிளையும் வேரும் இலையும் இன்றிப் படுத்துக் கிடப்பதால், அவை வளர்ந்த இடத்திலேயே கல்லானவை அல்ல, நீரால் அடித்து வரப்பட்டவை என்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை விளக்குகிறது. 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னேராவால் குறிக்கப்பட்ட அக்கட்டைகளும் வெள்ளத்தின் சாட்சிகளே. ஆனால் அது ஒரு நிலப்பகுதியின், ஒரு காலத்தின் வெள்ளம். ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் தம் கண்ணுக்கெட்டிய உலகம் முழுவதும் நீரில் மூழ்கியதைக் கண்டிருக்கக் கூடும் என்பதற்கு மரங்கள் இடம் தருகின்றன.

இந்த முடிவு சமய நம்பிக்கையை வறுமைப்படுத்துவதாக அஞ்ச வேண்டியதில்லை. நெருப்பு குளிர்ந்தது என்று நூறு வேத வாக்கியங்கள் கூறினாலும் அவை பிரமாணம் ஆகா என்று சங்கரர் தம் கீதை உரையில் எழுதினார். காட்சிக்கு எட்டாத பொருளிலேயே மறைக்கு அதிகாரம் என்பது அவர் நிலை. இயற்கையைப் பற்றி அறிந்தோர் முன் கிறித்தவர் வேதத்தின் பெயரால் தவறாகப் பேசினால், மறுமை பற்றிய வேத வார்த்தையையும் அவர்கள் நம்பமாட்டார்கள் என்று, அவருக்கும் முந்திய புனித அகுஸ்தினார் ஆதியாகம விளக்கத்தில் எச்சரித்தார். வெள்ளக் கதை மனிதரிடம் கேட்பது ஆண்டுக் கணக்கை அன்று. வன்முறை மிகுந்த உலகில் ஒருவன் நீதியோடு நிற்பதையும், எல்லா உயிருக்கும் தன் கலத்தில் இடம் கொடுப்பதையுமே அது கேட்கிறது. அந்தக் கோரிக்கையைப் பொய்யாக்கும் வளையம் எந்த மரத்திலும் இல்லை. படைப்பு இறைவனுடையது என்று நம்புபவருக்கு மரத்தின் பதிவும் அப்படைப்பின் பகுதியே ஆதலால், அதைத் திரிக்காமல் படிப்பது அவருடைய சமயக் கடமைகளுள் ஒன்றாகிறது.