வைத்தியரின் கையொப்பம்

பேச்சு வராத நான்கு வயதுப் பிள்ளையொன்றுடன் தாயும் தந்தையும் குழந்தை வைத்திய நிபுணர் ஒருவரின் முன் அமர்ந்திருக்கின்றனர். பிள்ளை பிறந்த நாள் தொட்டு அதனைப் பார்த்து வருபவர் அவரே. பிள்ளைக்கு ஓட்டிசம் என்று ஓராண்டுக்கு முன் நிச்சயிக்கப்பட்டது. இன்று அவர்கள் மருந்து கேட்டு வரவில்லை. உடலிலுள்ள உலோக நஞ்சை வெளியேற்றினாற் பிள்ளை பேசும் என்று கூறும் வேறொரு வைத்தியரிடம் சிகிச்சையைத் தொடங்க அவர்கள் தீர்மானித்துவிட்டனர். இவரிடம் வேண்டுவதெல்லாம் மாதந்தோறும் இரத்தத்தைப் பரிசோதிப்பதற்கான ஒரு கையொப்பமும், 'செய்து பாருங்கள்' என்ற ஒரு சொல்லும் மாத்திரமே.

ஐக்கிய அமெரிக்காவிலே 1990களின் பிற்பகுதி முதலாகக் குழந்தை வைத்தியர் பலர் எதிர்கொண்ட நிலை இது. வைத்திய அறவியல் பற்றி எழுதுவோர் இத்தகைய நிலையை ஒரு வழக்காகவே எடுத்து விவாதித்துள்ளனர். அவ்வைத்தியர் கையொப்பம் இடலாமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

விடை எளிதென்று தோன்றும். சிகிச்சை பயனற்றது, ஆபத்தானது. ஆகவே முடியாது என்று கூறிக் கதவைச் சாத்துவதே விஞ்ஞானத்தில் நம்பிக்கையுள்ளவர் செய்யத்தக்கது என்போம். மூட நம்பிக்கையைச் சாடுவது நம் போன்றோர்க்குக் கைவந்த தொழில். அதில் ஒரு சுகமும் உண்டு. ஆயின் அந்நாட்டுப் பெற்றோர் இவ்வழிக்கு வந்து சேர்ந்த வரலாற்றை நோக்குவோமாயின் அச்சுகம் நெடுநேரம் நிலைப்பதில்லை.

1943 ஆம் ஆண்டிலே, பால்ற்றிமோர் நகரத்து ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த லியோ கனர் என்பார் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஓட்டிசத்தை அந்நாட்டு வைத்திய உலகின் கண்முன் நிறுத்தியது. இது பிறவியோடு வந்தது என்ற கருத்தும் அதில் இருந்தது. பெற்றோர் அன்பிற் குளிர்ந்தவர்கள் என்ற குறிப்பும் இருந்தது. 1949 இல் அவர் மீண்டும் எழுதியபோது இரண்டாவது கருத்தே ஓங்கிற்று. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட பிள்ளைகள் என்னும் உவமை அக்கட்டுரையிலே தோன்றி, 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்ற வசைச்சொல்லாக நாடெங்கும் பரவியது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சிறுவர் பள்ளியொன்றை நடத்திய புரூனோ பெற்றல்ஹைம் 1967 இல் வெளியிட்ட நூலில் இதனை மேலும் ஒரு படி கொண்டு சென்றார். நாசிகளின் டக்காவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டிருந்து மீண்டவர் அவர். முகாமிலிருந்த கைதியின் மனநிலையையே இப்பிள்ளைகளிடத்துக் கண்டார். கைதி பிள்ளையாயின், காவலாளி யார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பிள்ளைக்கு உதவி தேடிச் சென்ற தாய், ஏறத்தாழ இருபது ஆண்டுகள், குற்றவாளிக் கூண்டில் நின்றே திரும்பினாள். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவைப்பதே சிகிச்சை எனவும் சொல்லப்பட்டது. சொன்னவர் மந்திரவாதிகள் அல்லர். பல்கலைக்கழகத்தார், பட்டம் பெற்றோர், எதிர்த்துப் பேசமுடியாத அளவுக்குப் புகழ் வாய்ந்தோர்.

இப்பழியைத் துடைத்தவர் யார்? கலிபோர்னியாவிலே கடற்படையின் உளவியலாளராகப் பணியாற்றிய பேர்னாட் றிம்லன்ட். ஓட்டிசமுடைய மகனொருவனின் தந்தை அவர். கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து 1964 இல் ஒரு நூல் வெளியிட்டார். தாயின் மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்குச் சான்று எதுவுமில்லை. காரணம் மூளையிலே தேடப்பட வேண்டியது என்பதே அதன் சாரம். கனரே அதற்கு முன்னுரை வழங்கினார். மறுவருடம் பெற்றோர் ஒன்றுகூடி ஒரு தேசிய சங்கம் அமைத்தனர். 1969 இல் அச்சங்கத்தின் கூட்டத்திலே, பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகக் கனர் அறிவித்தார். (விடுவிக்க இவர் யார் என்று அம்மண்டபத்தில் ஒரு தாயாவது எண்ணாதிருந்திருப்பாளா?) உடல், உளக் குறைபாடுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசாங்கப் பாடசாலையில் இடமளிக்க வேண்டும் என்ற 1975 ஆம் ஆண்டுச் சட்டமும் இத்தகைய பெற்றோரின் போராட்டத்தால் வந்ததே. 1990 இல் அச்சட்டத்தில் ஓட்டிசம் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நமது வினா எழுந்தேயிராது. அதே றிம்லன்ட், மிகு அளவிலான விற்றமின் பி6 ஓட்டிசத்துக்கு மருந்தாகும் என்று பல்லாண்டுகள் வாதிட்டார். 'ஓட்டிசத்தை இப்பொழுதே தோற்கடிப்போம்' என்னும் பெயரில் 1995 இல் ஓர் இயக்கத்தையும் தோற்றுவித்தார். உணவு விலக்கு, உலோக நீக்கம் முதலிய மாற்றுச் சிகிச்சைகளைச் செய்யும் வைத்தியர்கள் அவ்வியக்கத்தின் நிழலிலே பெருகினர். 2006 இல் இறக்கும்வரை அவர் அந்நிலையிலிருந்து மாறவில்லை. இதனை வஞ்சகம் என்று நாம் சொல்லமாட்டோம். நாட்டின் பெயர்பெற்ற நிபுணர்களையெல்லாம் தனி மனிதனாய் எதிர்த்து, அவர்கள் பிழை, தான் சரி என்று கண்ட ஒருவருக்கு, மூன்று தசாப்தங்களின் பின் நிபுணர்கள் மீண்டும் 'இல்லை' என்றபோது, அந்த 'இல்லை'யே தன் கருத்துக்கு ஒரு நற்சான்றிதழாகத் தோன்றியிருத்தல் கூடும். 1964 இல் விஞ்ஞானத்தைக் காத்தது அவருடைய அவநம்பிக்கை. அதே அவநம்பிக்கை பின்னாளில் விஞ்ஞானத்துக்கு எதிராய் நின்றது.

வைத்தியரின் முன் அமர்ந்திருக்கும் அவ்விரு பெற்றோரின் பின்னால் இவ்வளவு வரலாறும் அமர்ந்திருக்கின்றது. அவர்கள் படியாதவர்கள் என எண்ணுவது பெரும் பிழை.

செக்ரீற்றின் என்பது சிறுகுடலிற் சுரக்கும் ஓர் ஓமோன். சதையியைத் தூண்டுவது அதன் தொழில். 1996 இல் சமிபாட்டுப் பரிசோதனைக்காக இதனை ஊசிமூலம் பெற்ற ஓட்டிசச் சிறுவன் ஒருவன் பேசத் தொடங்கினான் என அவனுடைய பெற்றோர் கூறினர். 1998 ஒக்டோபரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இச்செய்தி வந்ததும் அம்மருந்துக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. 1999 டிசம்பரில், வட கரோலினாவிலே நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியாயிற்று. 60 பிள்ளைகளை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினர்க்குச் செக்ரீற்றினும் மறுபகுதியினர்க்கு வெறும் உப்புநீரும் ஒரே ஒருமுறை ஏற்றப்பட்டன. யாருக்கு எது என்பது பெற்றோருக்குத் தெரியாது. இரு பகுதியினரும் முன்னேறினர். அம்முன்னேற்றத்தில் வேறுபாடு இல்லை. முடிவு தெரிவிக்கப்பட்ட பின்னரும், பெற்றோருள் நூற்றுக்கு 69 பேர் அம்மருந்தில் தமக்கு இன்னும் நாட்டமுண்டு என்றே கூறினர். 2012 இல் 16 ஆய்வுகளைத் திரட்டி நோக்கியபோதும் முடிவு மாறவில்லை.

இந்த 69 என்ற எண்ணை மடமையின் அளவாகக் கொள்வோர் அதனைச் சரிவர வாசித்தாரல்லர். உப்புநீர் பெற்ற பிள்ளையும் முன்னேறிற்று என்பதிலிருந்து மருந்து பயனற்றது என்பதை விஞ்ஞானி அறிகிறார். தன் பிள்ளை முன்னேறிற்று என்பதைத் தாய் அறிகிறாள். இரண்டும் உண்மையே. ஓட்டிசமுடைய பிள்ளையும் வளர்கிற பிள்ளைதான். நாலு வயதிற் சொல்லாததை ஐந்தில் சொல்லும். ஊசி போட்ட மறுநாளிலிருந்து தாயும் தந்தையும் அதன் முகத்தையே பார்த்திருக்கின்றனர்; முன்னர் கண்ணிற் படாதன எல்லாம் இப்போது படுகின்றன. தம் கண்ணாற் கண்டதை மறுக்கும்படி அவர்களைக் கேட்கிறோம் என்பதையாவது நாம் உணர்ந்து கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மாற்றுச் சிகிச்சை என்கிறோம், எதற்கு மாற்று? பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி என்பனவே பயன் தருவன என்று வைத்தியர் கூறுவார். அவை வாரத்திற் பல மணி நேரம், ஆண்டுக்கணக்கிற் செய்யப்பட வேண்டியவை. அவற்றின் செலவை ஏற்கக் காப்புறுதி நிறுவனங்கள் நெடுங்காலம் மறுத்தன. மாநிலம் மாநிலமாகச் சட்டம் இயற்றியே அவற்றை வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இடம் கிடைக்கும்வரை பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பது பெற்றோரின் கடமையாயிற்று. காத்திருப்போருக்கு எதிரே, 'இன்றே தொடங்கலாம்' என்ற பலகையோடு ஒரு கடை திறந்திருக்கின்றது. அங்கே போகிறவரைப் பகுத்தறிவற்றவர் என்று ஏசுவதோடு நின்றுவிடுவது, கடைக்காரனுக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒருங்கே செய்யும் உபகாரம்.

ஆயின், பெற்றோர்பால் இத்துணை இரக்கம் கொள்வதனால் கையொப்பம் இட்டுவிடலாமா?

இடலாகாது. தடுப்பூசியிற் சேர்க்கப்பட்ட ஓர் இரசச் சேர்வையே ஓட்டிசத்துக்குக் காரணம் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்ததே இவ்வுலோக நீக்கம். 2001 ஆம் ஆண்டளவில் அச்சேர்வை அமெரிக்கச் சிறு பிள்ளைகளின் வழமையான தடுப்பூசிகளிலிருந்து ஏறத்தாழ முற்றாக அகற்றப்பட்டது. அதன் பின்னரும் ஓட்டிசமென அடையாளங் காணப்படுவோர் தொகை குறையவில்லை. ஈய நஞ்சேறியோர்க்கு உயிர்காக்கும் மருந்து, நஞ்சேறாத பிள்ளையின் இரத்தத்திற் புகும்போது பிணைப்பதற்கு வேறு பொருளைத் தேடுகிறது. 2005 ஆகஸ்டில், பென்சில்வேனியா மாநிலத்திலே, இச்சிகிச்சைக்காக நாளத்தினூடாக மருந்து ஏற்றப்பட்ட ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், இரத்தத்திலுள்ள கல்சியம் வீழ்ந்து இதயம் நின்று இறந்தான். ஏற்றியவரும் ஒரு வைத்தியரே. ஐந்து ஆண்டுகளின் பின், 2010 இல், கடைகளில் விற்கப்பட்ட இத்தகைய பொருள்களுக்கு எதிராக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது.

எல்லா மாற்றுச் சிகிச்சையும் இவ்வகையின அல்ல. பாலையும் கோதுமையையும் விலக்கிப் பார்க்க விரும்பும் பெற்றோரிடம், 'எனக்கு இதில் நம்பிக்கையில்லை. ஆயினும் மூன்று மாதம் பார்ப்போம். என்ன மாற்றத்தை எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதித் தாருங்கள். அதே வேளையில் வேறெதையும் தொடங்காதீர்கள். கல்சியத்துக்கு வழிசெய்வது என் பொறுப்பு' என்று வைத்தியர் சொல்லலாம். பெற்றோருக்குச் செவிகொடுக்க வேண்டும், விஞ்ஞான நோக்கையும் விடலாகாது என்பதே அமெரிக்கக் குழந்தை வைத்தியக் கல்விக்கழகம் 2001 இல் தன் அங்கத்தவர்க்கு வழங்கிய அறிவுரையின் போக்கும்.

சிக்கல் இரத்தப் பரிசோதனையிலேதான் இருக்கின்றது. 'நான் மறுத்தாலும் அவர்கள் செய்யத்தான் போகிறார்கள். நான் பரிசோதித்தாற் பிள்ளைக்குப் பாதுகாப்பாவது கிடைக்குமே' என்று நல்ல வைத்தியர் ஒருவர் எண்ணுவார். இவ்வாதம் மனிதாபிமானம் மிக்கது. நாமும் முதலில் இதன் பக்கமே சாய்ந்தோம். ஆயின் பென்சில்வேனியாச் சிறுவனை நினைக்கும்போது அது தளர்கின்றது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே நேரும் மரணத்தை மாதாந்தப் பரிசோதனை எவ்வாறு தடுக்கும்? அது காப்பது பிள்ளையை அன்று, பெற்றோரின் மன அமைதியை. மற்றை வைத்தியரின் வியாபாரத்தையும். அவருடைய திட்டத்தின் ஓர் அங்கமாக வைக்கப்பட்ட தாளில் ஒப்பமிடுவது ஒன்று. தம் நோயாளியான பிள்ளைக்குத் தாமே தேவையெனக் கருதிய பொழுது இரத்தம் எடுத்துப் பார்ப்பது இன்னொன்று. முதலதை மறுத்தவர் இரண்டாவதை எந்நாளும் மறுத்தலாகாது. பெற்றோர் தம் சொல்லை மீறி அச்சிகிச்சையைச் செய்துவிட்டு வந்த நாளிலும்கூட. 'என் சொல் கேளாதவர்கள் வேறு வைத்தியரைப் பாருங்கள்' என்று அனுப்பிவிடுபவர், தம் கொள்கையைக் காத்துக்கொண்டு பிள்ளையைக் கைவிடுகிறார்.

அவ்வறையில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு என்பதை இரு தரப்பாருமே மறந்துவிடுகின்றனர். பெற்றோர் தம் நம்பிக்கைக்காகத் தம்மைப் பலியிடலாம், பிள்ளையைப் பலியிட அவர்களுக்கு உரிமையில்லை என்ற கருத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1944 இலேயே ஒரு வழக்கில் வெளியிட்டது. அப்படியாயின் இத்தகைய பெற்றோரை அதிகாரிகளிடம் அறிவிக்க வேண்டுமா? உடனடி உயிராபத்து எனில் ஆம் என்போம். அதற்குக் குறைந்த நிலையில், பிள்ளைக்காக இரவுபகல் உழைக்கும் தாயைச் சட்டத்தின் முன் நிறுத்துவது, 1949 இன் கூண்டைப் புதுப்பிப்பதாகவே முடியும். எல்லை எங்கே என்று கேட்பின் நமது பேனா தயங்குகின்றது என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம்.

1993 இல் தொறொன்ரோவில் நடந்த மாநாடொன்றிலே, தாமே ஓட்டிசமுடையவரான ஜிம் சின்கிளயர் பெற்றோரை நோக்கிப் பேசினார். எங்களுக்காக அழாதீர்கள், நீங்கள் எதிர்பார்த்து, வாராமற் போன வேறொரு பிள்ளைக்காக நீங்கள் அழுகிறீர்கள், அதற்கு நாங்கள் பொறுப்பல்லர் என்னும் பொருள்பட அவர் பேச்சு அமைந்தது. உலோகத்தை அகற்றினால் உள்ளே வேறொரு பிள்ளை இருக்கிறது என்ற விளம்பரத்தின் உயிர்நாடி எதுவென்பதை இப்பேச்சு காட்டிவிடுகின்றது. ஆயின் பேச்சே வராத பிள்ளையின் தாய், இவர் மாநாட்டிற் பேசக் கூடியவர், என் பிள்ளை நாளை தனக்கு வயிறு வலிக்கிறதென்று சொல்லுமா என்று கேட்பாள். அக்கேள்வியும் நியாயமானதே.

வைத்தியர் தாளைக் கையொப்பமிடாமலே திருப்பிக் கொடுக்கிறார். காரணத்தைச் சொல்கிறார், பென்சில்வேனியாவில் நடந்ததையும் மறையாது சொல்கிறார். பேச்சுப் பயிற்சியாளருக்குத் தாமே கடிதம் எழுதுவதாகவும், பாடசாலை அதிகாரிகளிடம் தாமே பேசுவதாகவும் கூறி, அடுத்த கிழமைக்கு ஒரு திகதி குறித்துக் கொடுக்கிறார். வழக்கமான கால்மணி நேரம் அன்று, ஒரு முழு மணி நேரம். எஞ்சிய முக்கால் மணிக்குக் காப்புறுதி நிறுவனம் அவருக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.