அறிந்தோரின் மௌனம்

தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம் செல்வோர், ஆடி மாதத்தில் சூரியகாந்தி வயல்களுக்கு மேற்கே முகில் தவழும் மலைத்தொடரைக் காண்பர். அம்மலையில் பொழியும் நீரே குற்றாலத்தில் பேரருவியாய் வீழ்கிறது. நீரைக் கீழே இழுக்கும் அதே ஈர்ப்புவிசைதான் விண்மீனையும் அதன் மையத்தை நோக்கி நெருக்குகிறது. அருவியைப் பாறை தாங்குகிறது. எரிபொருள் தீர்ந்த விண்மீனை எது தாங்கும்?

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர், 1930இல் கேம்பிரிட்ஜ் நோக்கிக் கப்பலில் சென்றபோது இதைக் கணக்கிட்டார். அப்போது அவருக்கு வயது 19. சுருங்கிய விண்மீனை எலெக்ட்ரான்களின் அழுத்தம் தாங்கும்; ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேற்பட்டால் அந்த அழுத்தம் தோற்றுவிடும் என்பதே அவர் கண்ட முடிவு.

1935 ஜனவரி 11 அன்று லண்டனில், அரச வானியல் கழகத்தின் அவையில் அவர் இதை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்த ஆர்தர் எடிங்டன் அதனை நகைப்புக்கிடமாக்கினார். ஈர்ப்பு ஒளியையும் வளைக்கும் என்பதற்கு 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது சான்று திரட்டியவர் இவரே! அதே ஈர்ப்பு இன்னும் ஓரடி அழைத்துச் சென்றபோது இவர் உடன்வர மறுத்தார். இதில் வஞ்சம் இருந்ததாக நாம் கருதவில்லை. தாம் கட்டிய கொள்கை மாளிகையின் மீது கொண்ட பற்றே கண்ணை மறைத்தது.

நம்மை உறுத்துவது வேறொன்று. நீல்ஸ் போர், ரோசன்ஃபெல்ட், பௌலி போன்ற இயற்பியல் மேதைகள் சந்திரசேகரின் பக்கமே நியாயம் என்று அறிந்திருந்தனர். தனிமையில் சொல்லவும் செய்தனர். பகிரங்கமாகச் சொல்ல அவர்கள் முன்வரவில்லை. டிராக், பியர்ல்ஸ், பிரைஸ் மூவரும் எடிங்டனின் வாதத்தை மறுத்து எழுதியது 1942இல்தான்.

நிறை, எடை பற்றி 1121இல் ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் ஞானத் தராசு நூலை இயற்றிய அல்காஸினீ, பொருளை மட்டுமே தட்டில் வைத்தார். 1935இன் அவையோ கருத்தோடு ஆளின் புகழையும் சேர்த்து நிறுத்தது. நம் ஜமாஅத் கூட்டங்களிலும் பெரியவர் ஒருவரின் பிழையான முடிவுக்குத் தலையசைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, “அவர் சொன்னது சரியில்லை” என்று முணுமுணுப்போர் எத்தனை பேர்! மரியாதை என்று அதற்குப் பெயரிடுவது மரியாதைக்கே இழுக்கு.

சந்திரசேகர் வசைபாடவில்லை. எடிங்டனுடன் நட்பும் முறியவில்லை. தம் ஆய்வை 1939இல் நூலாக்கிவிட்டு வேறு துறைக்குச் சென்றார். 1983இல் நோபெல் பரிசு வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவை ஆற்றக் கேம்பிரிட்ஜ் அவரையே அழைத்தது. தம் காலத்து வானியற்பியலாரில் தலைசிறந்தவர் எடிங்டன் என்று அங்கே அவர் போற்றினார். பழைய வழக்கையும் மறைக்காமல் பேசினார்.