நம்பகத்தன்மை யாருடையது?

நீதிமன்றத்தில் பாரபட்சம் என்றதும் வெறுப்பு கக்கும் நீதிபதியையோ ஜூரியையோதான் நாம் கற்பனை செய்துகொள்கிறோம். ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலையும் பலர் இப்படித்தான் படித்து முடிக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறோரிடம். குற்றம் சாட்டிய பெண்ணின் முகத்தில் காயம் வலப்புறம். அடித்தவன் இடதுகைக்காரனாக இருக்கவேண்டும். கறுப்பினத்தவனான டாம் ராபின்ஸனின் இடது கையோ பயனற்றது. சாட்சியம் முழுக்க அவன் பக்கம். ஆனால் அந்த வெள்ளைக்காரிக்காகத் தான் இரக்கப்பட்டதாக அவன் சொல்லிவிடுகிறான். அவனைப்போன்ற ஒருவன் அவளைப்போன்ற ஒருத்திக்கு இரங்குவது அந்த ஊரின் அறிவில் நடக்கக்கூடிய காரியமல்ல. ஆகவே அவன் கதை தீர்ந்தது.

பாரபட்சம் பெரும்பாலும் துவேஷமாக வருவதில்லை. எது நடக்கும், எது நடக்காது என்கிற பொது அறிவாகவே வருகிறது.

நமக்கு இது அந்நிய விஷயமல்ல. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டக் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் மிராசுதார்கள் சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அது கூறிய காரணங்களில் ஒன்று: இவர்கள் பணக்காரர்கள், ஏராளமான நிலமுடையவர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், இத்தகையோர் வேலையாட்களின் துணையில்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம். இந்த வாதத்தில் ஜாதிப்பெயர் இல்லை, வசையும் இல்லை. கார் வைத்திருப்பவனைப் பற்றி நம் எல்லோருக்கும் இருக்கும் அபிப்பிராயம் மட்டுமே இருக்கிறது.

நடக்கக்கூடியது எது என்று எடைபோடாமல் எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் வேலை பார்க்கும் வங்கியிலும் கையெழுத்துப் போடுகிறவர் தன் பேரில் பணம் எடுக்கிறார். கைநாட்டு வைக்கிறவருக்குச் சாட்சி கேட்கிறோம். அவர் பணத்தின் பாதுகாப்புக்காகவே இந்த விதி. ஆனாலும் தன் சொல் மட்டும் செல்லாதவர் என்று ஒருவரை அது தனியே நிறுத்தத்தான் செய்கிறது. எடைபோடுவதில் தவறில்லை. படிக்கற்கள் யார் வீட்டிலிருந்து வந்தவை என்று கேளாமலிருப்பதே தவறு.

இலக்கியம் இதற்கு வெளியே நிற்கிறதா? வெண்மணியை வைத்து எழுதப்பட்ட இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. நிலக்கிழாரின் கொடூரத்துக்கு அவருடைய ஆண்மைக்குறைவைக் காரணமாக்கியதற்காகக் கண்டனமும் பெற்றது. வர்க்கப்போரைக் கொச்சைப்படுத்தியதாகச் சொன்னார்கள். என் ஆட்சேபம் சற்று வேறானது. கூலிக்காகவும் அதிகாரத்துக்காகவும் மட்டுமே ஒருவன் மனிதர்களைக் கொளுத்துவான் என்பது நாவலாசிரியருக்கும் போதுமான அளவு நம்பும்படியாக இல்லை. உள்ளே ஒரு ரணம் தேவைப்பட்டது. நீதிபதிகள் நம்பவில்லை, எழுத்தாளர் ஒரு நோயைக் கண்டுபிடித்த பிறகே நம்பினார். இருவரும் ஒரே பொது அறிவிலிருந்துதான் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி, தன்னை நம்பு என்று பாண்டியனிடம் மன்றாடுவதில்லை. அரண்மனைப் பொற்கொல்லன் சொல்லுக்கு இருந்த செல்வாக்கு, வேற்றூரிலிருந்து வந்த பெண்ணின் சொல்லுக்குக் கிடையாதென்று அவளுக்குத் தெரியும். சிலம்பை உடைக்கிறாள்; முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. அதைக் கண்டபின் அரசன் தன் நம்பிக்கையைக் காப்பாற்ற முயலவில்லை.

விமர்சகர்களான நாமும் ஒரு கதையை ‘நம்பும்படியாக இல்லை’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறோம். தலித் எழுத்து வரத்தொடங்கியபோது மிகைப்படுத்தல் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அந்த வரியை எழுதும் முன், யாருடைய அனுபவத்தை வைத்து அளக்கிறோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நீதிபதியிடம் எதிர்பார்க்கும் இந்தக் குறைந்தபட்ச நேர்மையை நாமே காட்டவில்லையென்றால், வெண்மணித் தீர்ப்பைக் குறைகூற நமக்கு அருகதை இல்லை.