விசேஷம் இல்லாமல் ஒரு பயணம்

சித்தப்பாவுக்கு வயது 72. தினமும் மாலை ஐந்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு லாங் பஜாருக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஒரு மளிகைக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில், அவருக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. கடைக்காரர் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். மூட்டை வண்டிகளும் ஆட்டோக்களும் உரசிக்கொண்டு போகிற அந்தத் தெருவைப் பார்த்தபடி இருவரும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். பல நாள் பேசுவதுகூட இல்லை. எதற்காகப் போகிறீர்கள் என்று வீட்டில் யாரும் அவரைக் கேட்டதில்லை.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தேன். இரண்டு நாளில் ஐந்து உறவினர் வீடு, ஐந்து வீட்டிலும் காபி. மூன்றாம் நாள் காலையில், ஆம்பூர் வரை போய் என் பள்ளித் தோழியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். "அவங்க வீட்டுல என்ன விசேஷம்?" என்று கேட்டார் சித்தி.

சித்தி தப்பாகக் கேட்கவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போக வளைகாப்போ மஞ்சள் நீராட்டோ சாவோ வேண்டும். ஒன்றுமில்லாமல் போனால், புருஷனோடு சண்டையா என்று கேட்பார்கள். ஆணின் நட்புக்கு ஒரு ஸ்டூல் போதும். பெண்ணின் நட்புக்கு ஒரு பத்திரிகை தேவைப்படுகிறது.

அவள் வீடு லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். 1996இல் நாங்கள் பிளஸ் டூ முடித்தபோது, என் வீட்டில் பணமில்லை என்று கல்லூரிப் பேச்சை முடித்துவிட்டார்கள். அவள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. பரீட்சை முடிந்ததும் அவள் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். முதல் கூலியிலிருந்து 400 ரூபாயை என் கையில் வைத்தாள். விண்ணப்பத்தையும் முதல் பருவக் கட்டணத்தையும் அதில்தான் கட்டினேன். 'ஸ்காலர்ஷிப் வந்திருக்குதும்மா' என்று என் அம்மாவிடம் பொய் சொன்னதும் அவள்தான். இரண்டு வருடத்தில் அவளுக்கு ஆம்பூரில் கல்யாணம் ஆனது. அன்று சாப்பிட்டுவிட்டு வந்தவள்தான் நான். வேலூரிலிருந்து ஆம்பூர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். அதைக் கடக்க எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

என்னைக் கிளப்பிவிட்டது ஒரு மாணவியின் கேள்வி. அகப்பாடல் வகுப்பில் தோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியம். தலைவிக்காகத் தூது போவாள், காவல் நிற்பாள், தக்க நேரத்தில் உண்மையை வெளிப்படுத்தி அறத்தொடு நிற்பாள், திருமணத்துக்குப் பின்னும் தவறு செய்த தலைவனை வாசலில் நிறுத்தி மறுப்பாள். பின் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மேம், தோழிக்குக் கல்யாணம் ஆகுமா?" வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நம் இலக்கியத்தில் நட்புக்கா பஞ்சம்? நேரில் பார்த்தேயிராத பிசிராந்தையார் வருவார் என்று, வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்தான்; அவரும் வந்தார். அது இரண்டு ஆண்களின் கதை. தோழியின் காதலை, தோழியின் பசியைச் சொல்லும் அகப்பாடல் ஒன்றையும் நான் படித்ததில்லை. தலைவியின் கதை நடக்க அவள் வேண்டும். கதை நடந்த பிறகு அவள் எங்கே போனாள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

இதற்குக் குடும்ப அமைப்பைக் காரணம் காட்டலாம். காட்டிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். கல்யாணம் பெண்களை ஊர் மாற்றுகிறது, பெயர் மாற்றுகிறது, அவர்களின் மாலை நேரத்தைச் சமையலறைக்குக் கொடுத்துவிடுகிறது. எல்லாம் உண்மை. ஆனால் என் கையில் சம்பளம் இருந்தது, கைப்பேசி இருந்தது, கருத்தரங்குக்கு ஊர் ஊராகப் போக நேரமும் இருந்தது. லாங் பஜாரில் வெங்காயக் கடை வைத்திருக்கும் அவள் தம்பியிடம் முகவரி கேட்டபோது அவன் சொன்னான்: "நம்பரு எங்கிட்டயேதான் கீதுக்கா. இத்தினி வருசமா நீங்க கேக்கவே இல்லியே." ஆணாதிக்கத்தின் கணக்கில் எழுத முடியாத ஒரு பகுதி என் கணக்கில் இருந்தது.

ஆம்பூரில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். "வாடி. செருப்ப உள்ள வுடு, நாய் தூக்கினு பூடும்" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவள் மாதிரி. மடியில் ஷூவின் மேல்பாகங்கள். ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தாள். மாமியார் படுக்கையில் விழுந்தபின் கம்பெனிக்குப் போக முடியவில்லை. வீட்டுக்கே வேலை எடுத்து வந்து கையால் தைக்கிறாள். ஜோடிக் கணக்கில் கூலி. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. அந்த ஷூக்கள் கடல் தாண்டிப் போகின்றன. அவள் பெயர் கம்பெனியின் பதிவேட்டில்கூடக் கிடையாது.

நான் ஒரு கவரில் 20,000 ரூபாய் கொண்டுபோயிருந்தேன். நாங்கள் பிளஸ் டூ முடித்த அதே 1996இல்தான் பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கு விலை தர வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. கெடுத்தவர் ஈடு செய்வது நியாயம். அந்த நியாயத்தில்தான் நானும் போயிருந்தேன் போலிருக்கிறது. அவள் கவரைத் திறக்கவில்லை.

"இத்தக் குடுத்துட்டா கணக்கு முடிஞ்சிடும் இல்ல? அப்பறம் நீ வரமாட்ட. எடுத்து உள்ள வை."

கிளம்பும்போது அவளே சொன்னாள்: "பொண்ணு அடுத்த வருசம் காலேஜு. எங்க சேக்கணும், எதுல சேக்கணும், நீதான் பாக்குற." அவள் என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். ஒரு நொடி எனக்குள் சுருக்கென்றது: இதற்காகத்தானா இவ்வளவு அன்பு? அப்படி நினைத்ததற்கு இன்னும் வெட்கப்படுகிறேன்.

குறளில் நட்பைப் பற்றிப் பேசும் ஐந்து அதிகாரங்களில் ஒன்று 'பழைமை', 81ஆவது அதிகாரம். அதில் 'கெழுதகைமை' என்று ஒரு சொல் வருகிறது. பழகிய நட்பு தருகிற உரிமை அது. நண்பர் கேட்காமலே உரிமை எடுத்துக்கொண்டு ஒன்றைச் செய்தால், அதை விரும்பி ஏற்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். இருபது வருடமாக இதைப் பாடமாக நடத்துகிறேன். அன்று 400 ரூபாயைக் கையில் வைக்கும்போது அவள் என்னைக் கேட்கவில்லை. இன்று மகளை ஒப்படைக்கும்போதும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே உரிமை. நான் கவரில் எடுத்துப்போன நன்றி அந்த உரிமையை முடித்துவைக்கப் பார்த்தது.

ஆகவே, விடுதி அறையில் தோழியோடு ஒரே தட்டில் சாப்பிடுகிற மாணவிகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. அவளைத் தொலைப்பதற்கு ஊரும் குடும்பமும் ஆயிரம் வழி வைத்திருக்கின்றன. அத்தனையையும் எதிர்த்துப் பேசுங்கள். பேசிக்கொண்டே, அவளுக்கு ஒரு போனும் போடுங்கள்.

இரவு திரும்பியபோது சித்தப்பா பஜாரிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன விசேஷமாம்?" என்றார் சித்தி மறுபடியும். ஒன்றும் இல்லை சித்தி, சித்திரையில் திரும்பவும் போகிறேன் என்றேன். சித்தி சட்டுவத்தைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, காட்பாடியில் தன்னோடு படித்த ஒருத்தி இருந்தாள் என்று சொல்லத் தொடங்கினார்.