சின்னச் சட்டை



"அப்பா, இந்தக் கேசட்டுல நான் ஒரு இடத்துலகூடச் சிரிக்கலையே, ஏம்ப்பா?"

என் மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பல நாள் அது என் உள்ளத்தைக் குத்திக்கொண்டே இருந்தது. சிறு பிள்ளைகளை உடைய பெற்றோருக்கும், என்னைப் போன்ற தாத்தா பாட்டிமாருக்கும் பிரயோஜனமாயிருக்கும் என்றே இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். என் பேரனுக்கு ஒரு வயது நிறைய ஒன்றரை மாதம் இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் பெரிய ஏற்பாடு செய்திருந்தார்கள். ஏசி ஹால், காட்டு மிருகங்கள் வைத்த ஜோடனை, 250 பேருக்குச் சாப்பாடு, மேஜிக் காட்டுகிறவர், எல்லாம் பேசியாகிவிட்டது. ஒரு பெரிய திரையில் அம்மாவின் முதல் பிறந்தநாளையும் மகனின் முதல் பிறந்தநாளையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று மகளுக்கு ஆசை. அதற்காக 1994-ல் எடுத்த எங்கள் வீட்டு வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொண்டுவந்தாள். குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம்.

பார்க்கப் பார்க்க எனக்கு முகம் சுருங்கியது. வீடியோக்காரர் பிடித்த பெரிய விளக்கு பிள்ளையின் கண்ணுக்கு நேராக எரிகிறது. பிள்ளை அழுகிறது. ஜரிகை வைத்த கவுன் கழுத்தில் உறுத்துகிறது. அழுகிறது. கத்தியை அதன் கையில் வைத்து, அதன்மேல் என் கையை வைத்துக் கேக் வெட்டுகிறேன். அழுகிறது. ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கி முத்தங்கொடுக்கிறார்கள். ஒரு பலூன் வெடிக்கிறது. பிள்ளைக்குத் தூக்கிப்போடுகிறது. நானோ பேண்ட் சட்டையில் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்கிறேன்!

இரவு ஒன்பதரை மணிக்கும் அது தூங்காமல் விழித்துக்கொண்டிருக்கிறது. மறுநாள் காய்ச்சல். அது கேசட்டில் இல்லை. என் மனைவிக்கு ஞாபகம் இருக்கிறது.

கதவருகே நின்ற சகோதரர்

கேசட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. கதவருகே ஒரு சகோதரர் தம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜோடனையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் சபையார்தான். அவருடைய பையனும் என் மகளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள்.

அந்த விருந்துக்காக நான் ஆபீஸ் சொசைட்டியில் 8,000 ரூபாய் லோன் போட்டேன். இருபது மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்குச் சம்பளம் இருந்தது, தாங்கினேன். அந்தச் சகோதரர் சைக்கிளில் துணி கொண்டுபோய் விற்கிறவர். மூன்று வாரம் கழித்து அவரும் தம் பையனுக்கு அதேபோல் மண்டபம் பிடித்து, கேக்கும் பிரியாணியும் போட்டார். நாங்கள் போய்ச் சாப்பிட்டோம். "பரவாயில்லையே, கர்த்தர் ஆசீர்வதிச்சிருக்காரே" என்று சொல்லிவிட்டு வந்தோம். அது வட்டிக்கு வாங்கின பணம் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆராதனைக்கு வராமல் போனதற்குக் காரணமும் அப்போதுதான் புரிந்தது. கடன் கொடுத்தவன் தெருமுனையில் காத்திருப்பானாம்.

இப்போது, அந்தக் கேசட்டைப் பார்த்தபின், அவரைத் தேடிப் போனேன். "பிரதர், என்னாலதான உங்களுக்கு அந்தக் கஷ்டம்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "உங்க பிள்ளைக்குச் செஞ்சதப் பாத்துட்டு எங்க வீட்டுல கேட்டா பிரதர். நம்ம பிள்ளை மட்டும் எளப்பமான்னா. என்னால இல்லைன்னு சொல்ல முடியல. அதெல்லாம் எப்பவோ அடைச்சாச்சு" என்றார்.

"எத்தனை வருஷத்துல பிரதர்?"

"ஆறு வருஷம்."

பிரியமானவர்களே, ஒரு சாயங்காலம்! மூன்று மணி நேரம்! அதற்கு ஆறு வருஷம். என் வீட்டு விருந்து இன்னொருவர் வீட்டில் கடனாய்ப் போய் உட்கார்ந்தது. விருந்து செய்கிறவன் பதிலுக்குப் பதில் செய்யக்கூடியவர்களையே அழைக்காமல், திருப்பிச் செய்ய வகையில்லாதவர்களை அழைக்கட்டும் என்று நம் ஆண்டவர் போதித்தாரே (லூக். 14:12-14). நான் அவர்களை அழைக்கத்தான் செய்தேன். ஆனால் அவர்களும் பதிலுக்குச் செய்தே தீரவேண்டும் என்ற நெருக்கத்தில் அவர்களைத் தள்ளிவிட்டேன்.

அப்படியானால் கொண்டாடவே கூடாதா?

சிலர் உடனே, "அதுக்குத்தான் நாங்க பிறந்தநாளே வைக்கிறதில்ல" என்பார்கள். அவர்களிடமும் நியாயம் உண்டு. வேதத்தில் ஜென்மநாள் விருந்து செய்த இருவர் பார்வோனும் (ஆதி. 40:20) ஏரோதும் (மத். 14:6). இரண்டு விருந்திலும் ஒரு உயிர் போயிற்று. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன் என்கிற சபைப் பிதாவும், பரிசுத்தவான்கள் எவரும் பிறந்தநாள் கொண்டாடியதாக இல்லை என்று எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே ஆதியாகமத்தில், ஈசாக்கு பால்மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து செய்ததும் இருக்கிறதே (ஆதி. 21:8). பிள்ளை வளர்ந்ததற்காகத் தகப்பன் சந்தோஷப்படுவது பாவமல்ல.

கேக்கும் மெழுகுவர்த்தியும் உலகத்தார் வழக்கம் என்போர் ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். ஹெர்ன்ஹூட் ஜெபச் சங்கிலியைப் பற்றி எழுப்புதல் கூட்டங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். 1727-ல் அது தொடங்கியபோது அந்தச் சபையாரை நடத்தியவர் சின்சென்டார்ஃப் பிரபு. 1746-ல் அவருடைய பிறந்தநாளுக்குப் பெரிய கேக் செய்து, வயதுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி குத்தி வைத்தார்கள். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி வைத்ததைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்புகளில் அது ஒன்று. அந்த மொரேவியன் சகோதரர்கள் 1760-ல் நம்முடைய தரங்கம்பாடிக்கும் வந்து தங்கினவர்கள்தான். ஆனால் அந்தக் கேக்கைப் பற்றி எழுதிவைத்த ஆண்ட்ரூ ஃப்ரே யார் தெரியுமா? அவர்களுடைய ஆடம்பரத்தைக் கண்டு மனம் நொந்து, அவர்களை விட்டுப் பிரிந்துபோனவர்! ஜெபிக்கிற சபைக்கும் அளவு தவறலாம்.

ஆகவே கொண்டாடலாமா கூடாதா என்பது என் கேள்வி அல்ல. யாருடைய அளவுக்கு என்பதுதான் கேள்வி.

அன்னாள் எடுத்த அளவு

இதைக் குறித்து ஜெபித்துக்கொண்டிருந்தபோது அன்னாளின் ஞாபகம் வந்தது. சாமுவேலை ஆலயத்தில் விட்டபின், வருஷந்தோறும் பலிசெலுத்த சீலோவுக்குப் போகும்போதெல்லாம் அவள் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோவாள் (1 சாமு. 2:19). பிள்ளைக்கு ஒரு வயது ஏறியதை அந்தத் தாய் கொண்டாடிய விதம் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளை அவள் கண்முன் இல்லை. வருஷத்திற்கு ஒருமுறைதான் பார்க்கிறாள். அப்படியானால் தைப்பதற்குமுன் எவ்வளவு யோசித்திருப்பாள்! போன வருஷம் என் இடுப்பளவு இருந்தான், இப்போ எவ்வளவு வளர்ந்திருப்பான், கை எட்டுமா, தோள் பிடிக்குமா! தன் அளவுக்குத் தைத்தால் பிள்ளை தடுக்கி விழும். ஊரார் மெச்சும்படி பட்டில் தைத்தால் ஆலய வேலை செய்கிற பிள்ளைக்கு உதவாது. அன்புக்கு அளவில்லை என்று சொல்கிறோம். சட்டைக்கு அளவு உண்டு. அந்த அளவை எடுப்பதுதான் அன்பு.

நானோ 1994-ல் என் அளவுக்கு ஒரு சட்டை தைத்து என் பிள்ளைக்கு மாட்டிவிட்டேன்.

ஒரு வயதுப் பிள்ளையின் அளவுதான் என்ன? அதற்குப் பழகின முகம் நாலைந்துதான். புது முகம் கண்டால் அழும் வயது. பகலில் தூங்கியாக வேண்டும். நேரத்துக்குப் பசிக்கும். பெரும் சத்தம் ஆகாது. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடவும் அதற்கு இன்னும் தெரியாது. மில்ட்ரெட் பார்ட்டன் என்கிற அமெரிக்கப் பெண்மணி பாலர் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்து 1932-ல் எழுதினார். சிறு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் விளையாட்டை அவரவர் விளையாடுவார்களாம். கூடி விளையாடுவது பிறகுதான் வரும். அப்படியிருக்க, மேஜிக் யாருக்கு? மேலும், மூன்று வயதுக்கு முந்தின காரியங்கள் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதே இல்லை. "பெரியவனானா நெனச்சுப் பார்ப்பான்" என்று நாம் செய்வது எதுவும் அவன் நினைவில் இராது. அந்த நாளில் அவன் நன்றாக இருந்தானா, அவ்வளவுதான் அவனுக்கு.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். ஒன்பது, பத்து வருஷம் காத்திருந்து பிள்ளை பெற்றவர்கள் நம் நடுவில் உண்டு. ஜெபித்த எல்லாரையும் கூட்டிச் சாப்பாடு போட அவர்கள் மனம் துடிக்காதா? துடிக்கட்டும்! ஆபிரகாமின் விருந்தும் அப்படிப்பட்டதுதான். ஆனால் அதை ஸ்தோத்திர விருந்து என்று சொல்லிச் செய்யுங்கள். கையில் இருக்கிற பணத்தில் செய்யுங்கள். பெரியவர்கள் துதிக்கட்டும். பிள்ளை உள் அறையில் பாட்டி மடியில் தூங்கட்டும்.

நாங்கள் செய்தது

மகளிடம் அந்தச் சகோதரர் காரியத்தையும் சொன்னேன். "உனக்கு நான் செஞ்சது தப்பும்மா" என்றேன். அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. ஹாலுக்குக் கட்டிய 10,000 ரூபாய் திரும்பக் கிடைக்காது என்றார்கள். அதற்காகவே நடத்திவிடலாமா என்றும் பேச்சு வந்தது. சம்பந்தியம்மாவுக்கு இன்றுவரை வருத்தம்தான். அதை நான் மறைக்கவில்லை.

கடைசியில் வீட்டிலேயே வைத்தோம். காலை பத்தரை மணி, பேரன் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தபின். பிள்ளைகள் ஐந்து பேர், அவர்களைப் பெற்றவர்கள், இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டிமார். அன்பளிப்பு வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிட்டோம். தரையில் பாய் விரித்து, எவர்சில்வர் கிண்ணம், மரக்கரண்டி, காலி அட்டைப்பெட்டி போட்டோம். இட்லி, கேசரி, ஆவியில் வேகவைத்த நேந்திரம்பழம், ஒரு சின்னக் கேக். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கினோம். வேர்க்கடலையும் பாப்கார்னும் பிள்ளைகள் இருந்த பக்கமே வரவில்லை. அவை தொண்டையில் சிக்கும்.

பலூன் வைக்கவில்லை. உடைந்த பலூன் துண்டை விழுங்கினால் மூச்சு அடைத்துவிடும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து உண்டு என்று பலூன் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என அமெரிக்காவில் சட்டம் வந்ததும், நான் என் மகளைச் சுற்றிப் பலூன் கட்டிய அதே 1994-ல்தான்! ஹைட்ரஜன் அடைத்த பலூனோ நெருப்புப் பட்டால் குப்பென்று பிடிக்கும். நுரை ஸ்பிரேயும் மெழுகுவர்த்திக்கு அருகில் அடித்தால் தீப்பிடிக்கும். பெற்றோரே, எச்சரிக்கையாயிருங்கள்.

அந்தச் சகோதரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அன்பளிப்பு வேண்டாம் என்று சொல்லியும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார். சிறு ஜெபம் செய்து, பேரனைப் பெயர் சொல்லி ஆசீர்வதித்தார். பன்னிரண்டு மணிக்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பேரன் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து, கிண்ணத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தான். போட்டோ நாலுதான் எடுத்தோம். நாலிலும் சிரிக்கிறான்.

"இவன் சிரிக்கிறான்ப்பா" என்றாள் மகள். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கியது.

தேவ பிள்ளைகளே, உங்கள் வீட்டில் ஒரு சின்னப் பிள்ளைக்கு வயது நிறையப் போகிறதா? ஹாலுக்குப் போன் போடுமுன் பிள்ளையின் அருகில் தரையில் உட்காருங்கள். அதன் கண்மட்டத்திலிருந்து பாருங்கள். அதற்கு என்ன வேண்டும்? நம் விருந்தைப் பார்த்து எந்த வீட்டில் கடன் ஏறும்? இந்த இரண்டையும் கேட்டுவிட்டு அப்புறம் அளவெடுங்கள்.

சிறு பிள்ளைகளைத் தம் கைகளில் ஏந்தி ஆசீர்வதித்த ஆண்டவர்தாமே உங்கள் பிள்ளைகளை வளர்த்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.